அழாத குழந்தையைக் கவனியுங்கள்

"டாக்டர், காய்ச்சல் எத்தனை டிகிரி இருந்தால் பிள்ளையை மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்?"

இந்தப் பத்தியை எழுதத் தொடங்கியதிலிருந்து என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். கிளினிக்கில் கேட்கிறார்கள், கல்யாண வீட்டில் கேட்கிறார்கள், இரவு 2 மணிக்கு வாட்ஸ்அப்பில் கேட்கிறார்கள். பதில் சொல்வதற்கு முன் நான் ஒரு கேள்வி கேட்பேன்: "பிள்ளைக்கு எத்தனை மாதம்?"

இரண்டு குழந்தைகளை எடுத்துக்கொள்வோம். ஒன்றுக்கு 10 மாதம். காய்ச்சல் 39 டிகிரி செல்சியஸ். மூக்கு ஒழுகுகிறது. ஆனால் பாட்டி மடியில் உட்கார்ந்து டி.வி. ரிமோட்டைக் கடித்துக்கொண்டு, அப்பா உள்ளே வந்ததும் கையை நீட்டுகிறது. இன்னொன்றுக்கு 5 வாரம். காய்ச்சல் 38.1 தான். பால் குடிக்கிறது, பார்வைக்கும் நன்றாகத்தான் இருக்கிறது.

பல வீடுகளில் முதல் குழந்தைக்காகப் பதறி ஓடுவார்கள்; இரண்டாவது குழந்தையை "லேசான சூடுதானே, காலையில் பார்ப்போம்" என்று விட்டுவிடுவார்கள். மருத்துவமனையில் நாங்கள் பதறுவது இரண்டாவது குழந்தைக்காக. 10 மாதக் குழந்தையை வீட்டில் வைத்துக் கவனிக்கலாம். 5 வாரக் குழந்தை அந்த நேரத்திலேயே மருத்துவமனைக்கு வர வேண்டும்.

முதலில் வயதைப் பாருங்கள். அடுத்து குழந்தையின் நடத்தையைப் பாருங்கள். தெர்மாமீட்டரில் வரும் எண் அதற்குப் பிறகுதான். இந்த வரிசையை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டால் இந்த வாரப் பத்தி தன் வேலையைச் செய்துவிட்டது என்பேன்.

முதல் 3 மாதம் ஏன் தனி?

குழந்தை வயிற்றில் இருக்கும்போது அம்மாவின் இரத்தத்திலிருந்து நோய் எதிர்ப்புப் புரதங்கள் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகின்றன. பெரும்பகுதி போவது கடைசி 3 மாதத்தில். குறைமாதத்தில் பிறந்த பிள்ளைகளுக்கு இந்தச் சீதனம் குறைவாகவே கிடைக்கிறது. தாய்ப்பாலும் தன் பங்குக்குக் குடலிலும் தொண்டையிலும் காவல் நிற்கிறது. ஆனால் குழந்தையின் சொந்தப் படை இன்னும் பயிற்சியில்தான் இருக்கிறது.

பெரியவர்களுக்கு விரலில் ஒரு முள் குத்திச் சீழ் பிடித்தால் அந்த இடம் சிவந்து, வீங்கி, சூடாகி, வலிக்கும். இதைத்தான் அழற்சி என்கிறோம். கிருமியை அந்த இடத்திலேயே வளைத்துப் பிடிக்க உடம்பு போடும் வேலி அது. சின்னஞ்சிறு குழந்தையிடம் அந்த வேலி பலமாக இருக்காது. சிறுநீரில் தொடங்கும் கிருமித் தொற்று சில மணி நேரத்தில் இரத்தத்தில் கலந்துவிடலாம். இரத்தத்தில் கலந்தது மூளையைச் சுற்றியுள்ள உறையைத் தொடலாம். பிரசவ நேரத்தில் தாயிடமிருந்து தொற்றக்கூடிய 'பி' பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ், குடலில் வாழும் ஈ-கோலை ஆகியவை இந்த வயதில் அடிக்கடி பார்க்கும் கிருமிகள்.

இந்த வயதில் வரும் காய்ச்சல்களில் பெரும்பாலானவை சாதாரண வைரஸ் காய்ச்சலாகவே முடிகின்றன. ஆனால் எது சாதாரணம், எது ஆபத்து என்று குழந்தையின் முகத்தைப் பார்த்து மட்டும் சொல்ல அனுபவமுள்ள மருத்துவராலும் முடியாது. பரிசோதனை செய்துதான் சொல்ல முடியும். அதனால்தான் 3 மாதம் நிறையாத குழந்தைக்கு 38 டிகிரி (பழைய கணக்கில் 100.4 பாரன்ஹீட்) தொட்டாலே மருத்துவமனை என்கிறோம். அந்தக் காய்ச்சலை வீட்டில் மருந்து கொடுத்து இறக்கிவிட்டுக் காத்திருக்கவும் கூடாது.

நோய் சத்தம் போடாமல் வரும்

நாம் அழுகிற குழந்தையைப் பார்த்துப் பயப்படுகிறோம். ஓங்கி அழ ஒரு குழந்தைக்குத் தெம்பு வேண்டும், மூச்சு வேண்டும். எனக்கு அதிகப் பயத்தைத் தருவது அழ வேண்டிய நேரத்தில் அழாத குழந்தை.

சில ஆண்டுகளுக்கு முன் 19 நாள் ஆண் குழந்தை ஒன்றைக் கொண்டு வந்தார்கள். இளம் பெற்றோர். காய்ச்சல் இல்லை. சொல்லப்போனால் உடம்பு சற்றுக் குளிர்ந்திருந்தது, 35.8 டிகிரி. "நல்ல பிள்ளை டாக்டர், ராத்திரி முழுக்கத் தூங்கினான், எங்களை எழுப்பவே இல்லை" என்று அப்பா கொஞ்சம் பெருமையாகவே சொன்னார். கூட வந்த பாட்டிதான் விடவில்லை. "இல்லீங்க டாக்டர், பிள்ளை ஒரு மாதிரியா இருக்கான். நேத்து குடிச்ச மாதிரி இன்னிக்குக் குடிக்கல. வாயில வச்சா ரெண்டு இழுப்பு இழுத்துட்டு விட்டுடுறான். அழுதாலும் பூனைக்குட்டி மாதிரி இருக்கு."

அந்த நான்கு வாக்கியங்களில் எனக்கு வேண்டிய எல்லாம் இருந்தது. அரை மணி நேரத்தில் இரத்தம் எடுத்து, மருந்தும் ஏற்றத் தொடங்கினோம். இரத்தத்தில் கிருமி இருந்தது மறுநாள் உறுதியானது. குழந்தை பிழைத்துக்கொண்டான். பாட்டி தெர்மாமீட்டரைக் கையில் எடுத்ததே இல்லை. ஆறு பிள்ளைகளைக் குளிப்பாட்டிய கை அது.

பச்சிளம் குழந்தைக்குக் கடுமையான தொற்று வரும்போது காய்ச்சல் வராமலே உடம்பு குளிர்ந்து போகலாம் என்பது பலருக்குத் தெரியாது. குழந்தையைத் துணியில் சுற்றி, அம்மாவின் மார்போடு அணைத்து வைத்தும் 36 டிகிரிக்கு மேல் ஏறவில்லை என்றால் அதுவும் காய்ச்சலைப் போலவே அவசரம்.

இந்த வயதில் நான் தேடும் அறிகுறிகள் இவை: வழக்கமாகக் குடிப்பதில் பாதிகூடக் குடிக்காதது, பாலுக்கு எழுப்பினாலும் எழாதது, எழுந்தாலும் உடனே சரிந்து தூங்கிவிடுவது, துவண்டு போவது, முனகுவது, தூக்கினால் அடங்காமல் இன்னும் கீச்சென்று கத்துவது, உச்சிக்குழி புடைத்து நிற்பது, பச்சை நிறத்தில் வாந்தி, கை கால் வெட்டுவது, ஈரப் பேம்பர்ஸ் எண்ணிக்கை பாதியாகக் குறைவது.

நம் தோலில் எப்படிப் பார்ப்பது?

மருத்துவப் புத்தகங்களில் "குழந்தை வெளிறியிருக்கும், சிவந்திருக்கும், நீலம் பாரித்திருக்கும்" என்று எழுதியிருக்கும். படங்களில் இருப்பவை பெரும்பாலும் வெள்ளைக்காரக் குழந்தைகள். நம் பிள்ளைகளின் மாநிறத் தோலிலும் கறுத்த தோலிலும் அந்த நிற மாற்றம் எளிதில் தெரியாது. ஆகவே தோலைப் பார்க்காதீர்கள். உதடு, நாக்கு, ஈறு, கீழ் இமையின் உட்புறம், உள்ளங்கை, உள்ளங்கால் ஆகியவற்றை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். உதடும் நாக்கும் சாம்பல் அல்லது நீல நிறமாக இருந்தால் காத்திருக்க நேரமில்லை.

தடிப்போ புள்ளியோ இருந்தால் ஒரு கண்ணாடி டம்ளரின் பக்கவாட்டை அதன்மேல் அழுத்திப் பாருங்கள். அழுத்தும்போது மறைந்தால் பெரும்பாலும் சாதாரணத் தடிப்பு. அழுத்தியும் மறையாத சிவப்பு அல்லது ஊதாப் புள்ளி என்றால் தோலுக்கடியில் இரத்தக் கசிவு இருக்கலாம். காய்ச்சலோடு அது இருந்தால் நேராக அவசரப் பிரிவு.

மூச்சை எண்ணத் தெரிந்துகொள்ளுங்கள். குழந்தை அமைதியாக இருக்கும்போது சட்டையைத் தூக்கி, வயிறு ஏறி இறங்குவதை முழுதாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். 15 வினாடி எண்ணி நான்கால் பெருக்கக் கூடாது. சிறு குழந்தைகள் வேகமாகவும் மெதுவாகவும் மாறி மாறி மூச்சு விடுவார்கள், கணக்குத் தப்பிவிடும். 2 மாதத்துக்குள் நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல், 2 மாதம் முதல் 1 வயது வரை 50 அல்லது அதற்கு மேல் என்றால் வேகம் அதிகம். மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தால் எண்ணிக்கொண்டிருக்காமல் கிளம்புங்கள்.

காய்ச்சல் பார்க்க விலை மலிவான டிஜிட்டல் தெர்மாமீட்டர் போதும். அக்குளில் வைத்து, கையை உடம்போடு அணைத்துப் பிடித்து, சத்தம் வரும்வரை காத்திருங்கள். நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்ப்பது வழிகாட்டும், ஆனால் எண் தராது. நம் ஊர் வெயிலில் குல்லா, கையுறை, காலுறை, மேலே ஒரு துணி என்று சுற்றி வைத்திருந்தால் உடம்பு சுடத்தான் செய்யும். துணியைத் தளர்த்தி 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். அப்போதும் 38 இருந்தால் அது காய்ச்சல்தான். தெர்மாமீட்டர் காட்டும் எண்ணைக் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவமனை போய்ச் சேருவதற்குள் காய்ச்சல் இறங்கியிருந்தாலும், வீட்டில் 38 வந்தது என்பதை மருத்துவர் கணக்கில் எடுத்துக்கொள்வார்.

அங்கே என்ன செய்வார்கள்?

பல பெற்றோர் தயங்குவது இதற்குத்தான். "இத்தனை சின்ன உடம்பில் இத்தனை ஊசியா?" என்று அழுகிறார்கள். நியாயமான அழுகை. ஆனால் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் பயம் பாதியாகும்.

இரத்தம் எடுப்பார்கள். சிறு குழாய் வைத்துச் சுத்தமான சிறுநீர் எடுப்பார்கள். பேம்பர்ஸிலிருந்து பிழிந்ததை நம்பிச் சோதிக்க முடியாது. 1 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்கும், மூளை உறையில் தொற்று இருக்கலாம் என்று தோன்றும் குழந்தைகளுக்கும் முதுகிலிருந்து சிறிது நீர் எடுப்பார்கள். "முதுகில் ஊசி போட்டால் பிள்ளை நடக்க முடியாமல் போய்விடுமாமே" என்று யாரோ சொன்னதைக் கேட்டுக் கையெழுத்துப் போட மறுப்பவர்கள் உண்டு. அந்த ஊசி தண்டுவடம் முடியும் இடத்துக்குக் கீழே போடப்படுகிறது. அங்கே நீரும் நரம்பு இழைகளும்தான் இருக்கின்றன. நீரைப் பார்க்காமல் விட்டு, மூளை உறை அழற்சியைத் தவறவிடுவதுதான் பிள்ளையின் நடையையும் கேட்கும் திறனையும் பறிக்கக்கூடியது.

முடிவு வரும்வரை காத்திருக்காமல் நரம்பு வழியாக ஆன்டிபயாடிக் ஏற்றத் தொடங்குவார்கள். கிருமி வளர்கிறதா என்று பார்க்க ஏறத்தாழ 2 நாள் ஆகும். வளரவில்லை, குழந்தையும் நன்றாக இருக்கிறது என்றால் மருந்தை நிறுத்தி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். "ஒன்றுமில்லாததற்கு 2 நாள் படுக்க வைத்துவிட்டார்களே" என்று சிலர் முகம் சுளிப்பார்கள். ஒன்றுமில்லை என்று தெரிந்துகொள்ளத்தான் அந்த 2 நாள்.

உரம், எண்ணெய், மஞ்சள்

குழந்தை விடாமல் அழுதால் "உரம் விழுந்திருக்கு" என்று நம் வீடுகளில் சொல்வார்கள். தெரிந்த ஒருவரிடம் கொண்டுபோய் உருட்டி எடுப்பார்கள். அதற்கு முன் திருஷ்டி சுற்றுவார்கள். திருஷ்டி சுற்றுவதில் எனக்கு ஒரு வழக்கும் இல்லை. என் வீட்டிலும் செய்வார்கள். நான் கணக்குப் பார்ப்பது நேரத்தை மட்டும்.

6 வாரப் பெண் குழந்தை ஒன்று. முதல் நாள் காலை சூடு, சிணுங்கல். மாலையில் உரம் எடுக்கக் கொண்டுபோனார்கள். இரவு கொஞ்சம் அடங்கியது போல் இருந்ததால் சரியாகிவிட்டது என்று நினைத்தார்கள். மறுநாள் இன்னொருவரிடம். மருத்துவமனைக்கு வந்தபோது ஒன்றரை நாள் போயிருந்தது, உச்சிக்குழி புடைத்திருந்தது. உயிருக்கு ஆபத்தில்லாமல் மீண்டாள். ஆனால் ஒரு காதில் கேட்கும் திறன் திரும்பவில்லை. அந்தக் குடும்பத்தில் பாசத்துக்குக் குறைவே இல்லை. எல்லோரும் பிள்ளைக்காக ஓடிக்கொண்டேதான் இருந்தார்கள். ஓடிய திசையில்தான் ஒன்றரை நாள் கழிந்தது. மருத்துவர் பார்த்து ஒன்றுமில்லை என்று சொல்லட்டும். வீட்டுக்கு வந்து தாராளமாகத் திருஷ்டி சுற்றுங்கள்.

வேறு சில பழக்கங்களில் தொற்று நம் கையாலேயே உள்ளே போகிறது.

தொப்புள்கொடி: பெரும்பாலும் 1 வாரம் முதல் 2 வாரத்துக்குள் காய்ந்து விழும். விழும் நேரத்தில் சிறிது ஈரம், ஒரு துளி இரத்தம் சகஜம். அதன்மேல் மஞ்சள், சாம்பல், பவுடர், எண்ணெய் எதுவும் வேண்டாம். பேம்பர்ஸை அதற்குக் கீழே மடித்துக் கட்டிக் காற்றுப் படவிடுங்கள். தொப்புளைச் சுற்றியுள்ள தோல் சிவந்து பரவுவது, தடித்து வீங்குவது, சீழ், துர்நாற்றம் ஆகியவை தெரிந்தால் அதே நாளில் மருத்துவமனை. வயிற்றுக்குள் இருந்தபோது அந்தக் கொடியின் இரத்தக்குழாய் நேராகக் கல்லீரலை நோக்கிப் போன பாதை. கிருமிக்கும் அது குறுக்கு வழி.

மார்பு வீக்கம்: பிறந்த சில நாளில் ஆண், பெண் இரு பாலருக்கும் மார்புக் காம்புக்கடியில் சிறு கட்டி போல வீங்கலாம். ஒன்றிரண்டு துளி பால்கூட வரலாம். தாயின் ஹார்மோன் செய்யும் வேலை இது; சில வாரத்தில் தானாக அடங்கும். குளிப்பாட்டும்போது "பால் எடுக்கிறேன்" என்று பிதுக்கினால் தோல் காயப்பட்டுக் கிருமி நுழைந்து சீழ்க்கட்டியாகும். அதை அறுத்து எடுக்க வேண்டிய நிலையும் வரும். தொடாதீர்கள், அவ்வளவுதான்.

கண், காது, மூக்கு: கண்ணீர்க் குழாய் முழுதாகத் திறக்காததால் பீளை கட்டுவது அதிகம். கொதித்து ஆறிய நீரில் நனைத்த சுத்தமான பஞ்சால் மூக்குப் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகத் துடைத்தால் போதும். ஆனால் பிறந்து 1 மாதத்துக்குள் இமை வீங்கி, கண் சிவந்து, சீழ் கொட்டினால் உடனே காட்ட வேண்டும். பிரசவத்தின்போது தொற்றும் சில கிருமிகள் பார்வையையே பாதிக்கும். காதிலும் மூக்கிலும் எண்ணெய் விட வேண்டாம்; மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கி அழற்சி உண்டாக்கும்.

பி.சி.ஜி. ஊசி: பிறந்ததும் கையில் போடும் இந்த ஊசி, சில வாரம் கழித்துச் சிவந்து, கொப்புளமாகி, சிறிது சீழ் வந்து, பொருக்குத் தட்டி, தழும்பாக ஆறும். இது எதிர்பார்த்த அழற்சி. களிம்பு போடவோ பிதுக்கவோ தேவையில்லை. அதே பக்க அக்குளில் கட்டி தெரிந்தால் மட்டும் கொண்டு வந்து காட்டுங்கள்.

3 மாதம் கடந்த பிறகு

நம் நாட்டில் தனியார் துறைத் தாய்மார்களுக்கும் 2023 முதல் 98 நாள் மகப்பேறு விடுப்பு கிடைக்கிறது. ஏறத்தாழ 3 மாதம். அது முடிந்து குழந்தை தாஸ்காவுக்கோ பராமரிப்பாளர் வீட்டுக்கோ போகத் தொடங்கியதும் சளி, காய்ச்சல் வரிசையாக வரும். தாயிடமிருந்து வந்த எதிர்ப்புப் புரதமும் அதே காலத்தில்தான் குறைகிறது. மாதம் ஒரு முறை சளி என்றால் அது பராமரிப்பாளரின் குற்றமாக இருக்க வேண்டியதில்லை.

3 முதல் 6 மாதம் வரை 39 டிகிரி வந்தால் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். 6 மாதத்துக்கு மேல், குழந்தை விளையாடுகிறது, குடிக்கிறது, சிறுநீர் போகிறது என்றால் முதல் இரண்டு நாள் வீட்டிலேயே கவனிக்கலாம். "பல் முளைக்கிற காய்ச்சல்" என்று மட்டும் ஒதுக்கிவிடாதீர்கள். பல் முளைப்பதால் எச்சில் ஒழுகும், சிணுங்கும். 38 டிகிரிக்கு மேல் காய்ச்சல் வராது. அப்படி வந்தால் வேறு காரணம் இருக்கிறது. சளி, இருமல் எதுவும் இல்லாமல் காய்ச்சல் மட்டும் இருக்கும் குழந்தைக்குச் சிறுநீர்த் தொற்று இருக்கலாம். சிறுநீரைச் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

பாராசிட்டமால், நம் வாயில் 'பனடோல்', கொடுப்பது காய்ச்சலை அடியோடு விரட்ட அல்ல. பிள்ளைக்குச் சற்று இதமாக இருக்கத்தான். உடல் எடை 1 கிலோவுக்கு 15 மில்லிகிராம் ஒரு வேளை அளவு. இரண்டு வேளைக்கு நடுவே குறைந்தது 4 மணி நேரம். ஒரு நாளில் 4 வேளைக்கு மேல் கூடாது. கவனிக்க வேண்டியது பாட்டிலின் அளவு. மருந்தகங்களில் 5 மில்லிலிட்டரில் 120 மில்லிகிராம் உள்ளதும் உண்டு, 250 மில்லிகிராம் உள்ளதும் உண்டு. 1 மில்லிலிட்டரிலேயே 100 மில்லிகிராம் உள்ள சொட்டு மருந்தும் உண்டு. 6 கிலோ குழந்தைக்கு வேண்டியது 90 மில்லிகிராம். முதல் பாட்டிலில் அது 3.75 மில்லிலிட்டர். இரண்டாவதில் 1.8. சொட்டு மருந்தில் 0.9 தான். போன முறை கொடுத்த அளவையே புதுப் பாட்டிலிலும் கொடுத்தால் இரண்டு மடங்கு, நான்கு மடங்கு ஆகிவிடும், பாதிக்கப்படுவது கல்லீரல். மருந்தோடு வரும் ஊசிக்குழலால் அளந்து கொடுங்கள், சமையலறைக் கரண்டியால் வேண்டாம். டிங்கி பரவும் நாட்டில் இருக்கிறோம். மருத்துவர் சொல்லாமல் இபுபுரோஃபன் கொடுக்காதீர்கள். ஆஸ்பிரின் கூடவே கூடாது. ஐஸ் தண்ணீர் ஒத்தடமும் வேண்டாம். உடம்பு நடுங்கிச் சூட்டைக் கூட்டும்.

6 மாதத்துக்கு மேற்பட்ட சில குழந்தைகளுக்குக் காய்ச்சலில் வலிப்பு வரும். ஜன்னி என்று பதறி வாயில் கரண்டி வைப்பதும், கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதும் உதவாது. தரையில் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள், மணியைப் பாருங்கள். 5 நிமிடம் தாண்டினால் 999. அதற்குள் நின்றுவிட்டாலும் முதல் முறை என்றால் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

காய்ச்சல் 5 நாளைத் தொட்டால்

கிருமி கண்ணில் படாமலே உடம்பில் அழற்சி எரியும் ஒரு நோயையும் இங்கே சொல்ல வேண்டும். ஜப்பானிய மருத்துவர் தொமிசாகு கவாசாகி 1967இல் விவரித்ததால் அது கவாசாகி நோய் என்று அழைக்கப்படுகிறது. பெரும்பாலும் 5 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு வரும். விடாத காய்ச்சல், பீளை இல்லாமல் சிவந்த இரு கண்கள், வெடித்த உதடு, சிவந்து பொரிந்த நாக்கு, உடலில் தடிப்பு, வீங்கிய கை கால், கழுத்தில் ஒரு கட்டி. ஆன்டிபயாடிக் கொடுத்தும் காய்ச்சல் இறங்காது. நம் பிள்ளைகளிடம் இன்னொரு தடயமும் கிடைக்கும்: ஆறிப்போன பி.சி.ஜி. தழும்பு திடீரென்று மறுபடி சிவந்து வீங்கும்.

இந்த அழற்சி இதயத்துக்கு இரத்தம் கொண்டுசெல்லும் குழாய்களைத் தாக்கும். சிகிச்சை இல்லாவிட்டால் நான்கில் ஒரு குழந்தைக்கு அந்தக் குழாய்கள் புடைத்துப் பலவீனமாகும். காய்ச்சல் தொடங்கி 10 நாளுக்குள் இம்யூனோகுளோபுலின் ஏற்றினால் அந்த ஆபத்து வெகுவாகக் குறைகிறது. 6 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு எல்லா அறிகுறியும் சேர்ந்து வராது. அதனால் தவறவிடுவதும் எளிது. எனவே எந்தக் குழந்தைக்கும் காய்ச்சல் 5 நாள் நீடித்தால், நடுவில் இரண்டு கிளினிக் பார்த்திருந்தாலும், குழந்தை மருத்துவர் உள்ள மருத்துவமனைக்குப் போய், "இன்று ஐந்தாம் நாள்" என்று சொல்லுங்கள்.

டிங்கியில் இதற்கு நேர்மாறான ஏமாற்று உண்டு. காய்ச்சல் இறங்கும் நேரம்தான் ஆபத்தான நேரம். காய்ச்சல் விட்ட பிறகு குழந்தை வாந்தி எடுத்து, கை கால் சில்லிட்டு, சோர்ந்து போனால் "காய்ச்சல்தான் விட்டுடுச்சே" என்று இருந்துவிடாதீர்கள்.

வராமல் தடுக்க

அரசாங்கச் சுகாதார கிளினிக்குகளில் ஊசிகள் இலவசம். 2, 3, 5 மாதங்களிலும் 18 மாதத்திலும் போடும் ஊசி 6 நோய்களிலிருந்து காக்கிறது. 4, 6, 15 மாதங்களில் நியூமோகாக்கஸ் ஊசி. 9, 12 மாதங்களில் தட்டம்மை, புட்டாளம்மை, ரூபெல்லா ஊசி. மூளை உறை அழற்சி உண்டாக்கும் இரண்டு முக்கியக் கிருமிகள் இவற்றில் அடங்குகின்றன. "சளியாக இருக்கிறது, அடுத்த மாதம் போடலாம்" என்று தள்ளும் முன் தாதியரிடம் கேளுங்கள். லேசான சளிக்காக ஊசியைத் தள்ள வேண்டியதில்லை. ஊசி போட்ட அன்றும் மறுநாளும் லேசான காய்ச்சல் வரலாம். 2 மாதக் குழந்தைக்கு அப்படி 38 வந்தால் "ஊசிக் காய்ச்சல்" என்று நீங்களே தீர்ப்பு எழுதாமல் மருத்துவரைக் கேளுங்கள்.

தொட்டில் போடும் நாளில் வீடு நிறைய உறவினர் வருவார்கள். கை கழுவிவிட்டுத் தூக்கச் சொல்லுங்கள். இருமல் உள்ளவர் தூரத்திலிருந்து பார்க்கட்டும். உதட்டில் கொப்புளப் புண் உள்ளவர் முத்தமிடவே கூடாது. அந்த ஹெர்பிஸ் வைரஸ் பச்சிளம் குழந்தையின் உயிரையே எடுக்கக்கூடியது. மாமா கோபித்துக்கொள்வார், அத்தை முகம் வாடும். பிள்ளைக்கு 3 மாதம் ஆனதும் பலகாரத்தோடு போய்ச் சமாதானம் செய்துகொள்ளலாம்.

வெட்டிக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டி வையுங்கள். பராமரிப்பாளருக்கும் ஒரு படி கொடுங்கள்.

உடனே மருத்துவமனை:
• 3 மாதத்துக்குள் 38 டிகிரி அல்லது அதற்கு மேல்
• பச்சிளம் குழந்தை, அணைத்து வைத்தும் 36 டிகிரிக்குக் கீழே
• பாதிப் பால்கூடக் குடிக்கவில்லை, எழுப்பினால் எழவில்லை, துவண்டு கிடக்கிறது
• மூச்சு வேகம், நெஞ்சுக்குக் கீழே குழி, முனகல்
• உதடும் நாக்கும் நீலம் அல்லது சாம்பல் நிறம் (999 அழையுங்கள்)
• கண்ணாடியால் அழுத்தியும் மறையாத புள்ளிகள்
• புடைத்த உச்சிக்குழி, வலிப்பு, பச்சை வாந்தி
• தொப்புளைச் சுற்றிப் பரவும் சிவப்பு. 1 மாதத்துக்குள் சீழ் வடியும் கண்

அன்றே மருத்துவரிடம்:
• 3 முதல் 6 மாதம் வரை 39 டிகிரி
• காய்ச்சல் ஐந்தாம் நாள்
• ஈரப் பேம்பர்ஸ் பாதியாகக் குறைந்தால்
• எண் எதுவாக இருந்தாலும், "பிள்ளை ஒரு மாதிரியா இருக்கு" என்று வளர்ப்பவர் மனம் சொன்னால்

கடைசி வரியைக் கேலியாக எழுதவில்லை. "ஒரு மாதிரியா இருக்கு" என்ற வார்த்தையை எந்த நல்ல மருத்துவரும் அலட்சியம் செய்ய மாட்டார். யாராவது செய்தால், அடுத்த மருத்துவரிடம் போய் அதே வார்த்தையை மறுபடி சொல்லுங்கள்.

(அடுத்த வாரம்: 6 மாதம் ஆனதும் முதல் சாதம், எதைக் கொடுக்கலாம், எதைத் தள்ளிப்போடலாம்?)